டோல் சாவடி எழுதி வைக்கும் நம் பயணக் கணக்கு

புந்தோங்கில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டார். சில மாதங்களுக்கு முன்பு தன் பழைய காரைப் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் கொடுத்தார். பணம் வாங்கியாயிற்று, பெயர் மாற்றமும் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் கைப்பேசி ஒலித்தது. ஜூரு சாவடியில் டோல் கட்டணம் கழிக்கப்பட்டதாகத் தகவல். பெரியவரோ வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்!

“தம்பி, யாரோ என் பணத்தைத் திருடுறாங்க, கொஞ்சம் பாருங்க” என்று கைப்பேசியோடு வந்தார். திறந்து பார்த்தோம். அது முதல் முறையுமல்ல. வெள்ளி இரவு ஈப்போ வடக்கில் நுழைந்து ஜூருவில் வெளியேற்றம். ஞாயிறு மாலை அதே வழியில் திரும்பல். இப்படியே ஐந்தாறு வாரம். விற்ற காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கரை யாரும் எடுக்கவில்லை, கணக்கிலிருந்தும் நீக்கவில்லை. காரை வாங்கியவர் போகிற இடமெல்லாம் பெரியவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பணம் கட்டாமலே கதவு திறந்தால் யார்தான் காரணம் கேட்பார்கள்?

பெரியவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பையனுக்குப் பட்டர்வொர்த் பக்கம் யாரோ வேண்டியவங்க இருக்காங்க போல.”

அவர் இழந்தது கொஞ்சம் பணம்தான், அதற்கு வழி உண்டு. ஆனால் முகம் தெரியாத ஓர் இளைஞன் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே போய் எப்போது திரும்புகிறான் என்பது புந்தோங்கில் ஒரு வீட்டு வரவேற்பறையில் தெரிந்துவிட்டது. அந்த இளைஞனுக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பட்டியல்தான்.

ஸ்டிக்கருக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவிலிருந்து ஒரு காணொளி நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தது. கார் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன், கையில் கட்டிய கடிகாரத்தை ஃபாஸ்டேக் ஸ்டிக்கர்மேல் காட்டிப் பணத்தை எடுத்துவிடுகிறான் என்று அதில் காட்டினார்கள். அது பொய்யான காணொளி. ஃபாஸ்டேக் கட்டமைப்பை நடத்தும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமே அதை மறுத்தது. அந்த முறையில் பணம் பதிவுபெற்ற வணிக நிறுவனத்துக்குத்தான் போகும், தனி மனிதர் கைக்குப் போகாது.

நம் நாட்டு ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கரிலும் பணம் கிடையாது. உங்கள் பெயரோ அடையாளக் கார்டு எண்ணோ கிடையாது. அதில் பேட்டரிகூட இல்லை. சாவடியின் மேலே உள்ள கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையின் சக்தியிலேயே ஸ்டிக்கரில் உள்ள சிறு சில்லு விழித்து, தன்னிடமுள்ள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அதன் வேலை அதோடு முடிந்தது. அந்த எண் யாருடையது, எந்தக் காருடையது, எந்த இ-வாலட்டில் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. உங்கள் கைப்பேசி அணைந்து கிடந்தாலும் சாவடியில் பணம் கழிவது அதனால்தான்.

ஆக, கார் ஓட்டுபவர் யார் என்பது ஸ்டிக்கருக்குத் தெரியாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். உங்கள் பயணப் பட்டியல் யார் கண்ணில் படும் என்பதை முடிவு செய்வதும் அந்தக் கணக்குதான். மற்ற எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

காகிதச் சீட்டு இருந்த காலம்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, நுழையும் இடத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். வெளியேறும் இடத்தில் அதைக் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் முடிந்தது. காசுக்குப் பெயர் கிடையாது. தாப்பாவில் நுழைந்து கோலகங்சாரில் வெளியேறியவர் யார் என்பது கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் தெரியாது.

1997இல் டச் என் கோ அட்டை புழக்கத்துக்கு வந்தது. பிறகு வந்த ஸ்மார்ட் டேக் கருவியில் அந்த அட்டையைச் செருகி வைத்தால், அகச்சிவப்புக் கதிர் வழியாகச் சாவடியோடு பேசும். 2017 ஏப்ரல் 26ஆம் தேதி முதல் பிளஸ் நெடுஞ்சாலையில் ரொக்கம் கட்டும் வழி அடியோடு நின்றது. 2018இல் ஸ்மார்ட் டேக் கருவி விற்பனையை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் ஆர்.எஃப்.ஐ.டி. சோதனை தொடங்கியது. 2022 ஜனவரி 15ஆம் தேதி ஜூரு முதல் ஸ்கூடாய் வரை பிளஸ் நெடுஞ்சாலையில் ஆர்.எஃப்.ஐ.டி. தடம் திறக்கப்பட்டபோது ஏற்பட்ட நெரிசலையும் திட்டுகளையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எல்லாரும் பேசியது கதவு திறக்காததைப் பற்றித்தான். கதவு திறக்கும்போது என்ன எழுதப்படுகிறது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேராக்கில் நாம் ஓடும் நெடுஞ்சாலைப் பகுதி மூடிய டோல் முறையைச் சேர்ந்தது. அதாவது எங்கே நுழைந்தோம், எங்கே வெளியேறினோம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் கட்டணமே கணக்கிட முடியும். நகரத்துக்குள் இருக்கும் சில நெடுஞ்சாலைகளில் ஒரு சாவடியைக் கடந்தோம் என்பது மட்டும் பதிவாகும். நமக்கோ சிம்பாங் பூலாயில் ஏறி ஜாலான் டூத்தாவில் இறங்கியது நேரத்தோடு பதிவாகிறது. நுழைந்த அதே அட்டையைக் கொண்டுதான் வெளியேற வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். ஒரு மாதப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் போதும்: வேலை எங்கே, எந்த ஷிப்ட், மாமியார் வீடு எங்கே, மாதம் ஒரு முறை எந்த ஊர் மருத்துவமனைக்குப் போகிறார் எல்லாம் ஓரளவு புரிந்துவிடும்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலைப் பெரட்டில் நின்று பெயர் சொல்ல வேண்டும். கிராணியின் செக்ரோலில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது விழும். அதைவிடக் கடுமையான காலமும் இருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் அதன் அருகிலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு மலாயாவில் அந்த ஆண்டில்தான் வந்தது. முள்வேலிக்கும் கேட்டுக்கும் இடையில் கார்டைக் காட்டி, சோற்றுப் பொட்டலத்தையும் சோதிக்கக் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போன கதைகளை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கேட்டில் நம்மைச் சோதிக்கும் ஆள் கண்ணுக்குத் தெரிந்தான். டோல் சாவடியில் ஆளும் இல்லை, சோதிக்கிறார்கள் என்ற உணர்வும் இல்லை. என் கணக்கில் இதுதான் பெரிய வித்தியாசம்.

வீட்டுக்குள்ளே ஒரு கண்

தரவுத் திருட்டு என்றதும் நம் மனத்தில் வருவது இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான். ஆனால் டோல் பதிவைப் பெரும்பாலும் பார்ப்பது நமக்குத் தெரிந்தவர்களே.

நம் குடும்பங்களில் நடப்பதைப் பாருங்கள். அப்பாவுக்குச் செயலி ஓட்டத் தெரியாது. மகன் தன் இ-வாலட்டில் அப்பா காரையும் அம்மா காரையும் தங்கை காரையும் சேர்த்துக்கொள்கிறான். நல்ல எண்ணம்தான், பணமும் அவனே கட்டுகிறான். ஆனால் அந்தக் கணத்திலிருந்து நான்கு பேரின் பயணமும் ஒருவர் கைப்பேசியில் தகவலாக வந்து விழுகிறது. வேலைக்குப் போகும் தங்கைக்கு இது பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் “ஒளிக்க என்ன இருக்கு?” என்று பதில் வரும். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள் அல்லவா?

சில வீடுகளில் இது சின்ன விஷயமாக நிற்பதில்லை. அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறும் பெண் ஒருவர் கார் எடுத்துக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரின் ஸ்டிக்கர் கணவனின் கணக்கில் இருக்கிறது. அவர் பீடோரில் ஏறி ரவாங்கில் இறங்கினால், ரவாங்கில் அக்கா வீடு இருப்பது தெரிந்த கணவனுக்கு வேறென்ன விவரம் வேண்டும்? அப்படி ஒரு நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது இது: தடத்தை மாற்றிக் கட்டினால் போதும் என்று நம்பாதீர்கள். அட்டையும் ஆர்.எஃப்.ஐ.டி.யும் சேர்ந்து இயங்கும் தடங்கள் உண்டு. அங்கே நீங்கள் அட்டையைத் தொடுவதற்கு முன்பே ஸ்டிக்கர் படிக்கப்படலாம். ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். உரித்தால் அது கெட்டுவிடும், மறுபடி வேலை செய்யாது. இல்லையென்றால் பழைய ரோட்டில் போங்கள். கம்பார், தாப்பா, பீடோர், ஸ்லிம் ரிவர், தஞ்சோங் மாலிம் வழியாகப் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலையில் டோல் இல்லை. கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிரும் வசதி திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். டோல் பதிவைவிட அது இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். உதவிக்குத் தாலியான் காசே 15999 என்ற எண் எந்நேரமும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலிருந்து இருக்கிறது.

அடுத்தது வேலை இடம். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் லாரி, வேன், தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறார்கள். முதலாளியின் வாகனத்தில் முதலாளியின் அட்டை இருந்தால் அவர் பட்டியலைப் பார்ப்பது இயல்பு. அதில் வழக்காட ஒன்றுமில்லை. ஆனால் சொந்தக் காரில் கம்பெனி அட்டையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதையே தொடுகிறோம் பாருங்கள், அங்கேதான் தவறு. இருபது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், மருத்துவ விடுப்பு எடுத்த நாளில் கேமரன் மலைக்குப் போக தாப்பாவில் இறங்கியதை நாமே எழுதிக் கொடுக்கிறோம். கம்பெனி அட்டை வேறு, நம் அட்டை வேறு என்று இருப்பது இருவருக்கும் நல்லது.

பதிவு எப்போதும் எதிரி என்றும் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் பெர்கேசோவில் இழப்பீடு கோரலாம். அப்போது “இந்த நேரத்தில் இந்த வழியில்தான் போனேன்” என்று காட்ட டோல் பதிவு கைகொடுக்கும். செய்யாத குற்றத்தில் மாட்டியவருக்கு, அந்த நேரத்தில் தான் வேறு ஊரில் இருந்தேன் என்று நிரூபிக்கவும் அது உதவலாம். பதிவைத் தேடி எடுப்பது நாமாக இருக்கும் வரை அதனால் நன்மைதான்.

பசு பொம்மை காட்டிக்கொடுத்தது

நம்மைவிட முன்பே இதில் அனுபவப்பட்டது அமெரிக்கா. அங்கே கிழக்கு மாநிலங்களில் ஈ-சி பாஸ் என்ற டோல் கருவி பரவலாக இருக்கிறது. விவாகரத்து வழக்குகளில் வழக்கறிஞர்கள் அந்தப் பதிவை நீதிமன்றம் மூலம் வாங்கி, “அன்று இரவு அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னீர்களே, பாலத்தை எப்படிக் கடந்தீர்கள்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். 2007இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைப் பற்றி விரிவாக எழுதியது.

2013இல் இன்னொன்று வெளியானது. அங்குள்ள கணினி ஆர்வலர் ஒருவர் தன் ஈ-சி பாஸ் கருவியை ஒரு பொம்மைப் பசுவோடு இணைத்தார். யாராவது அந்தக் கருவியைப் படித்தால் பசு கத்தும். பிறகு நியூயார்க் நகருக்குள் டோல் சாவடியே இல்லாத தெருக்களில் கார் ஓட்டினார். பசு கத்திக்கொண்டே வந்தது. போக்குவரத்து வேகத்தை அளப்பதற்காகத்தான் ஆங்காங்கே படிக்கிறோம் என்று நகர நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் டோல் கட்டத்தான் இது என்று வாங்கிய மக்களுக்கு, வேறு வேலைக்கும் பயன்படுகிறது என்று யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

நம் ஊரிலும் ஸ்டிக்கரின் வேலை டோலோடு நிற்கவில்லை. சில ஷெல் எண்ணெய் நிலையங்களில் பெட்ரோலுக்கு அதே ஸ்டிக்கர் மூலம் பணம் கட்டலாம். சில கார் நிறுத்துமிடங்களிலும் அதுவே அனுமதிச் சீட்டு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய வசதியும் அதே பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்க்கிறது. தடுப்புக் கதவே இல்லாமல் ஓடிக்கொண்டே கட்டும் முறையைக் கொண்டுவர அரசாங்கம் திட்டமிட்டு வருகிறது. அதில் எண் தட்டைப் படிக்கும் கேமராக்களுக்கு முக்கிய இடம் இருக்கும். ஸ்டிக்கரையாவது உரிக்கலாம், எண் தட்டை உரித்துவிட்டு ஓட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது 709ஆம் எண் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. வணிகத்தில் நம் விவரத்தைச் சேர்க்கும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தும். நெடுஞ்சாலை நிறுவனமும் இ-வாலட் நிறுவனமும் அதற்குள் வருகின்றன. (பிளஸ் நிறுவனத்தில் 49 விழுக்காடு நம் இ.பி.எஃப். வாரியத்துடையது. ஒரு வகையில் நம் பணமே நம்மைக் கணக்கெடுக்கிறது!) ஆனால் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ தேவைப்பட்டால், நீதிமன்றம் உத்தரவிட்டால், நம் சம்மதம் இல்லாமலே நிறுவனம் விவரத்தைக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

2024இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. திருத்தங்கள் 2025இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தன. சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறும் நிறுவனத்துக்கு அபராத உச்சவரம்பு 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடியதென்றால் சம்பந்தப்பட்ட மக்களுக்கும் சொல்ல வேண்டும். 2017இல் இந்நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரம் கசிந்ததை நாம் செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்று இந்த விதி இல்லை.

நம்மவர்கள் அதிகம் அறியாத ஓர் உரிமை இந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்து மூலம் கேட்டால், நிறுவனம் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கூடுதல் அவகாசம் தேவைப்பட்டால் அதையும் எழுதித் தெரிவித்து 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். நகலோடு கொடுக்க அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 10 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. நம் விவரத்தை மட்டுமே கேட்கலாம். மனைவியின் பட்டியலைக் கணவனோ, ஓட்டுநரின் சொந்தக் கணக்கை முதலாளியோ இந்தப் பிரிவைக் காட்டி வாங்க முடியாது. 43ஆம் பிரிவின்படி, விளம்பரத்துக்காக என் விவரத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் விவரத்தை எதற்காக எடுக்கிறார்கள் என்று சொல்லும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தோட்டத்துப் பெரியவர்கள் அந்த நீண்ட பக்கத்தின் அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அமுக்குகிறார்கள். உண்மையில் அமுக்குவது பேரப்பிள்ளை. அதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது?

எந்த வழியில் கட்டினால் என்ன தெரியும்?

பெயர் பதியாத டச் என் கோ அட்டை, அதில் பெட்ரோல் நிலையத்திலோ மினி மார்க்கெட்டிலோ ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றுவது: இன்றைக்குக் காகிதச் சீட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அட்டையின் எண்ணும் சாவடிகளும் பதிவாகும், பெயர் இருக்காது. ஆனால் ஒரே ஒரு முறை அந்த அட்டையை உங்கள் இ-வாலட்டில் சேர்த்தாலும் வங்கி அட்டையால் பணம் ஏற்றினாலும் அது பெயருள்ள அட்டையாகிவிடும். இன்னொரு பக்கமும் உண்டு: பெயர் பதியாத அட்டை தொலைந்தால் அதிலுள்ள பணமும் போச்சு. அதனால் நிறைய ஏற்றி வைக்காதீர்கள். சாவடியில் கேமராக்களும் இருக்கின்றன. முழுக்க மறைந்து போவது என்று எதுவும் இல்லை.

பழைய ஸ்மார்ட் டேக் இன்னும் வேலை செய்கிறதென்றால், அதில் ஒரு நன்மை இருக்கிறது. அட்டையை வெளியே எடுத்துவிட்டால் அதனால் பணம் கட்ட முடியாது. எப்போது பதிவாக வேண்டும் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு ஓய்வே கிடையாது. 2023 முதல் சில நெடுஞ்சாலைகளில் வங்கி அட்டையைத் தொட்டும் கட்டலாம். அப்போது சாவடிச் செலவு வங்கிக் கணக்கு அறிக்கையில் வந்து நிற்கும். அந்த அறிக்கை வீட்டில் யார் கைக்கு வருகிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

ஆர்.எஃப்.ஐ.டி. வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முடிந்தவரை ஒவ்வொருவர் காரும் அவரவர் கணக்கில் இருக்கட்டும். செயலிக்குக் கடவுச்சொல் வையுங்கள். கைப்பேசியைப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்கும் வீடுகளில் இது அவசியம். செயலி உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டால் மறுக்கலாம். டோல் கழிவதற்கு அது தேவையில்லை. தொலைந்த அட்டையைக் கண்டெடுத்தால் எண் தெரியும்படி படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள்.

காரை விற்கும்போது பெயர் மாற்றம் முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். செயலியில் அந்த வாகனத்தின் டேகை ரத்து செய்யுங்கள், ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் சாலை வரி, டயர், எஞ்சின் எல்லாம் பார்க்கிறோம். முன் கண்ணாடியின் ஓரத்தையும் முன் விளக்கையும் பாருங்கள். முந்தையவரின் ஸ்டிக்கர் இருந்தால், நீங்கள் போகும் இடமெல்லாம் அவருக்குத் தகவல் போகும்.

“உங்கள் டோல் பாக்கி இருக்கிறது, இந்த இணைப்பைத் தொட்டுக் கட்டுங்கள்” என்று வரும் குறுஞ்செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2024இல் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையே இந்த வகை மோசடி பற்றி எச்சரித்தது. நம் சாவடிகளில் பணம் இல்லையென்றால் கதவே திறக்காது. இப்படி ஒரு செய்தி வந்தால் இணைப்பைத் தொடாமல் செயலியை நேராகத் திறந்து பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். டேகை உடனே ரத்து செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. “ராத்திரி நேரம் தம்பி. அந்தப் பையன் ஜூருல கதவு திறக்காம மாட்டிக்குவான். பின்னாடி நிக்கிற லாரிக்காரன் சும்மா இருப்பானா?” என்றார். மறுநாள் காலை கார் கடைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் அந்த இளைஞருக்குத் தெரிவித்த பிறகுதான் ரத்து செய்தோம். ஒரு வாரம் கழித்து அவரே நேரில் வந்து டோல் பணத்தைக் கொடுத்தார். தாயார் பட்டர்வொர்த்தில் சிகிச்சையில் இருக்கிறாராம், வாரம் தவறாமல் போய்ப் பார்த்து வருகிறாராம். பெரியவர் பாதிப் பணத்தைத்தான் வாங்கிக்கொண்டார்.